துருக்கி வீட்டு உருளைக்கிழங்கு முட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது கபாப், அடுத்தது பக்லாவா. ஆனால் அந்த நாட்டு வீடுகளில், சந்தைக்குப் போக அலுப்பாக இருக்கும் நாளில், கூடையில் நாலு கிழங்கும் நாலு முட்டையும் மட்டும் கிடக்கும் வேளையில் அடுப்பில் ஏறுவது இந்தப் பதார்த்தம்தான். செய்முறை மூன்று வரியில் அடங்கிவிடும். அதைப் படித்துவிட்டுச் சமைக்கப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் மூன்று வரியில் அடங்குவதில்லை.

இதற்குத் துருக்கியில் என்ன பெயர்?

பத்தாத்தெஸ்லி யுமுர்த்தா. ‘பத்தாத்தெஸ்’ என்றால் உருளைக்கிழங்கு, ‘யுமுர்த்தா’ என்றால் முட்டை. நடுவில் இருக்கும் ‘லி’ என்னும் விகுதிக்கு ‘உள்ள’, ‘சேர்ந்த’ என்று பொருள். ஆக, கிழங்கு சேர்ந்த முட்டை. இந்த விகுதியைத் தெரிந்துகொண்டால் துருக்கிக் காலை உணவுப் பட்டியலில் பாதி புரிந்துவிடும். சுஜுக் என்னும் காரமான மாட்டிறைச்சித் தொத்திறைச்சி சேர்ந்தால் சுஜுக்லு யுமுர்த்தா, பசலைக்கீரை சேர்ந்தால் இஸ்பனாக்லி யுமுர்த்தா. முன்னால் வரும் சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப விகுதி ‘லி’ என்றும் ‘லு’ என்றும் மாறும்.

இது நம் முட்டைப் பொடிமாஸ் மாதிரியா, ஆம்லெட் மாதிரியா?

இரண்டும் இல்லை. பொடிமாஸில் முட்டையைக் கிளறி உதிர்க்கிறோம், ஆம்லெட்டில் அடித்து ஊற்றுகிறோம். இதில் சிறு சதுரங்களாக நறுக்கிய கிழங்கைப் பொன்னிறமாக வறுத்து, அதன் நடுவே குழி பறித்து, முட்டையை அப்படியே உடைத்து விடுகிறார்கள். நாம் ஆஃப் பாயில் என்று கேட்டு வாங்கும் முட்டைக்குத் துருக்கியில் ‘கோஸ் யுமுர்த்தா’ என்று பெயர். ‘கோஸ்’ என்றால் கண். கிழங்குப் படுக்கையின் மேல் மூன்று நான்கு மஞ்சள் கண்கள் விழித்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கு என்னென்ன, எவ்வளவு?

நடுத்தர உருளைக்கிழங்கு 2 அல்லது 3 (தோல் நீக்கியபின் ஏறத்தாழ 350 கிராம்), முட்டை 4, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வெண்ணெய் 1 தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், கொரகொரப்பான மிளகாய்ச் செதில் அரைத் தேக்கரண்டி. விரும்பினால் ஒரு சிறிய வெங்காயமும், காரம் குறைந்த பச்சை மிளகாய் ஒன்றும். இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் அது உங்கள் ஆசை.

எந்த உருளைக்கிழங்கு நல்லது?

வறுக்கும்போது வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெதுமெதுப்பும் தரும் பழைய கிழங்கு. தோல் நகத்தால் உரியும் அளவுக்கு இளசான புதுக்கிழங்கில் நீர் அதிகம். அது வறுபடுவதற்கு முன் வெந்துவிடும்.

துருக்கியில் கிழங்கு என்றால் நடு அனத்தோலியாவின் நிய்தே, நெவ்ஷெஹிர் மாகாணங்களைச் சொல்வார்கள். கப்பதோக்கியா என்று சுற்றுலாப் பயணிகள் பலூனில் பறந்து பார்க்கும் அதே நிலம்தான். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான அங்குள்ள பாறை, கத்தியால் சீவும் அளவுக்கு மென்மையானது. பழங்காலத்தில் அதைக் குடைந்து வீடும் தேவாலயமும் கட்டினார்கள். இன்றும் குடைகிறார்கள், கிழங்கும் எலுமிச்சையும் சேமித்து வைப்பதற்காக. கோடையிலும் குளிர்காலத்திலும் உள்ளே ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி இருப்பதால் மின்சாரம் இல்லாமலே கிழங்கு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. குளிர்ச்சி நல்லது, குளிர்சாதனப் பெட்டியின் குளிர் நல்லதல்ல. அந்த அளவு குளிரில் கிழங்கிலுள்ள மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறும். அப்படிப்பட்ட கிழங்கை வறுத்தால் உள்ளே வேகும் முன் வெளியே கருத்து, கசப்பும் தட்டும். காற்றோட்டமான இருட்டு மூலை போதும். பச்சை படர்ந்த பகுதியையும் முளையையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். பச்சை அதிகமாக இருந்தால் கிழங்கையே எறிந்துவிடுங்கள்.

சரி, எப்படிச் செய்வது?

கிழங்கை ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது. சிறியது கருகி, பெரியது நறுக்கென்று இருந்தால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. நறுக்கியதை இரண்டு முறை தண்ணீரில் அலசி, மாவுப்பால் போனதும் வடித்து, துணியில் போட்டு ஈரம் போகத் துடையுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வறுபட வேண்டிய கிழங்கு ஆவியில் வேகத் தொடங்கிவிடும்.

அகலமான, அடி தட்டையான வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நடுத்தரத் தீ. முதல் நான்கு நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். அடிப்பக்கம் பொன்னிறப் பொறுக்குக் கட்டியதும் அது தானாகவே சட்டியை விட்டு விலகிவிடும். அதற்கு முன் கிளறினால் பொறுக்கு சட்டியோடு தங்கிவிடும். பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகும். வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ப்பதானால் பத்தாவது நிமிடத்தில் சேர்க்கவும். முதலிலேயே போட்டால் கிழங்கு சிவப்பதற்குள் வெங்காயம் கரியாகிவிடும்.

கிழங்கு வெந்ததும் உப்பு போடுங்கள், முன்னால் வேண்டாம். உப்பு நீரை வெளியே இழுக்கும். தீயைக் குறைத்து, வெண்ணெயும் மிளகாய்ச் செதிலும் சேர்த்து ஒரு புரட்டு. எண்ணெய் சிவந்து மணம் எழும். இப்போது நான்கு குழிகள் செய்து, குழிக்கு ஒரு முட்டை உடைத்து விடுங்கள். வெள்ளைக் கருவைக் கரண்டி நுனியால் லேசாகக் கலைத்து, கிழங்கின் இடுக்குகளில் இறங்க விடலாம். மஞ்சள் கருவைத் தொட வேண்டாம். மூடி வைத்து, சிறு தீயில் இரண்டு முதல் மூன்று நிமிடம். வெள்ளை இறுகி, மஞ்சள் ஆடிக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிடுங்கள். சட்டியின் சூடு மிச்ச வேலையைச் செய்யும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. கிழங்குக்குப் பதினைந்து நிமிடம், முட்டைக்கு மூன்று நிமிடம். முட்டைப் பதார்த்தம்தானே, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து இறங்குகிறவர்கள்தான் அரைவேக்காட்டுக் கிழங்கைச் சாப்பிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு முறை அதைத்தான் சாப்பிட்டேன்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கிழங்கு குழைந்துவிடுகிறது. ஏன்?

சட்டி சிறியது. பத்தில் ஒன்பது வீடுகளில் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கிழங்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் கீழேயுள்ளது விடும் ஆவி மேலேயுள்ளதை வேகவைக்கும். 350 கிராம் கிழங்குக்கு 24 அல்லது 26 சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தவணையாக வறுத்து எடுங்கள். தொடக்கத்திலிருந்தே மூடி போட்டு வேகவைப்பதும் இதே தப்புதான்.

வேகவைத்த கிழங்கு மீதி இருக்கிறது. அதைப் போடலாமா?

போடலாம். நேற்றே வேகவைத்து, ஆறி இறுகிய கிழங்கு என்றால் இன்னும் நல்லது. வறுக்க ஏழெட்டு நிமிடம் போதும். சூடாக இருக்கும்போது நறுக்காதீர்கள், உதிர்ந்துவிடும். பச்சைக் கிழங்கை வறுப்பதில் கிடைக்கும் சுவை இதில் சற்றுக் குறைவு. அவசரத்துக்கு இது குற்றமில்லை.

முட்டையைக் கலக்கி ஊற்றினால் தவறா?

தவறில்லை. துருக்கியிலேயே கலக்கி ஊற்றுகிற வீடுகள் உண்டு. குழந்தைகளுக்கும், மஞ்சள் கரு ஓடினால் முகம் சுளிப்பவர்களுக்கும் அதுவே வசதி. ஆனால் ரொட்டியைக் கிள்ளி, கண்ணைக் குத்தி, வழிகிற மஞ்சளில் தோய்த்துச் சாப்பிடுவதற்காகத்தான் நான் இதைச் செய்கிறேன். கலக்கிவிட்டால் அந்த இன்பம் போய்விடுகிறது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உண்பதானால் மஞ்சள் கருவும் முழுவதும் இறுகும்வரை வேகவைப்பதே சரி. அப்போது கலக்கினால் என்ன, கலக்காவிட்டால் என்ன.

வெங்காயம் கட்டாயமா?

இந்தக் கேள்வியைத் துருக்கியர்களிடம் கேட்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை தேவை. இதன் உறவுக்காரப் பதார்த்தம் ஒன்று உண்டு, பெயர் மெனெமென். தக்காளியும் பச்சை மிளகாயும் வதக்கி முட்டை சேர்ப்பது. அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பது அங்கே தீராத வழக்கு. 2018-இல் வெதாத் மிலோர் என்ற உணவு விமர்சகர் ட்விட்டரில் இதை வாக்கெடுப்புக்கு விட்டார். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. வெங்காயக் கட்சி மயிரிழையில் வென்றது; தோற்றவர்கள் இன்றுவரை அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் கிழங்கு முட்டை விஷயத்தில் அவ்வளவு ரகளை இல்லை. போட்டால் இனிப்பு கூடும், போடாவிட்டால் மொறுமொறுப்பு கூடும். என் கட்சி போடாத கட்சி.

செய்முறைகளில் ‘புல் பிபெர்’ என்று வருகிறதே, அது என்ன?

நம் ஊர்ப் புல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. துருக்கி மொழியில் ‘புல்’ என்றால் செதில், ‘பிபெர்’ என்றால் மிளகாய். காய்ந்த சிவப்பு மிளகாயை விதை பெரும்பாலும் நீக்கி, கொரகொரப்பாக இடித்து, கொஞ்சம் உப்பும் எண்ணெயும் பிசிறி வைப்பது. துருக்கி வீடுகளில் சாப்பாட்டு மேசையில் உப்புக்கு அடுத்து இருக்கும். மராஷ் நகரத்து மிளகாய்க்குப் பெயர் அதிகம். உர்ஃபா பக்கத்தில் ‘இசோத்’ என்று ஒன்று உண்டு. பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிப் புழுங்கவிட்டுச் செய்வதால் கருஞ்சிவப்பாகி, புகையும் உலர்திராட்சையும் கலந்தாற்போல் மணக்கும்.

இரண்டும் கிடைக்காவிட்டால் காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாய் நான்கை எடுத்து, விதையை உதறிவிட்டு, வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி, கையால் நொறுக்கி, நாலு சொட்டு எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசிறுங்கள். ஏறக்குறைய வந்துவிடும். குண்டூர் மிளகாய் வேண்டாம். நிறம் வருவதற்குள் காரம் ஏறிவிடும். பீட்சாவோடு வரும் பொட்டல மிளகாய்ச் செதிலில் விதை மிகுதி என்பதால் பாதி அளவு போதும்.

பச்சை மிளகாய்க்கு?

அங்கே போடுவது ‘சிவ்ரி பிபெர்’ என்ற நீளமான, மெல்லிய தோலுள்ள மிளகாய். காரம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நமக்கு விதை நீக்கிய பஜ்ஜி மிளகாய் நெருங்கி வரும். குடைமிளகாயும் ஆகும், கொஞ்சம் இனிக்கும்.

மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கரம் மசாலா சேர்க்கலாமா?

சேர்த்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் அது உருளைக்கிழங்கு வறுவலில் முட்டை உடைத்து ஊற்றியதாக இருக்கும். அதைச் செய்ய உங்களுக்கு இந்தப் பக்கம் தேவையில்லை. இந்தப் பதார்த்தத்தில் வறுபட்ட கிழங்கின் மணமும் வெண்ணெயின் மணமும்தான் முன்னால் நிற்க வேண்டும். ஒருமுறையாவது மசாலா டப்பாவைத் திறக்காமல் செய்து பாருங்கள். காய்ந்த ஓரிகானோ போன்ற ‘கெகிக்’ ஒரு சிட்டிகை தூவுவது அந்த ஊர் வழக்கம். மேலே தூவுவது பார்ஸ்லி. கொத்தமல்லித்தழை துருக்கிச் சமையலில் அரிது. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் தூவிக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

எந்த எண்ணெய்?

வறுக்கச் சூரியகாந்தி எண்ணெய். அங்கும் அன்றாடத்துக்கு அதுதான். மேற்கே ஏகியன் கடற்கரைப் பக்கம் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். வெண்ணெயிலேயே முழுக்க வறுக்க வேண்டாம். அதிலுள்ள பால்திடம் பதினைந்து நிமிடச் சூட்டைத் தாங்காமல் கருகும். அதனால்தான் அதைக் கடைசியில் சேர்க்கச் சொன்னேன். நெய் கருகாது, ஆனால் அதன் மணம் பதார்த்தத்தை வேறு ஊருக்குக் கூட்டிப்போய்விடும்.

‘சஹான்’ என்ற பாத்திரம் இல்லாமல் செய்ய முடியாதா?

தாராளமாக முடியும். நான்ஸ்டிக் சட்டியோ, நன்றாகப் பழகிய இரும்புச் சட்டியோ போதும். ஆப்பச்சட்டியில் முயற்சி செய்யாதீர்கள். குழிந்த அடியில் கிழங்கெல்லாம் நடுவில் குவிந்துவிடும்.

சஹான் என்பது இரண்டு பக்கமும் சிறு காதுகள் வைத்த, ஆழம் குறைந்த வட்டப் பாத்திரம். அடுப்பிலிருந்து அப்படியே மேசைக்கு வரும். அதில் பொரித்த முட்டைக்கே ‘சஹாந்தா யுமுர்த்தா’, அதாவது சஹானில் முட்டை, என்று பெயர் வந்துவிட்டது. பழைய வகை, செம்பில் தட்டி உள்ளே வெள்ளீயம் பூசியது. காஸியந்தெப் நகரத்தில் செம்புக் கொல்லர்களுக்கென்றே ஒரு கடைவீதி இருக்கிறது. சுத்தியல் சத்தம் கேட்டே வழி கண்டுபிடிக்கலாம். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசித் தருபவருக்கு ‘கலாய்ஜி’ என்று பெயர். நம் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரின் குரல் நினைவிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

யாராவது இஸ்தான்புல்லிலிருந்து செம்புச் சஹான் வாங்கி வந்து தந்திருந்தால் இரண்டு விஷயம் கவனிக்கவும். ஒன்று, அது அலங்காரத்துக்கு மட்டும் செய்த, உள்ளே பூச்சில்லாத வகையா என்று பாருங்கள். பூச்சில்லாததில் சமைக்கக் கூடாது. இரண்டு, காலிப் பாத்திரத்தைப் பெரிய தீயில் காயவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் எரிவாயு அடுப்புக்கு அந்தச் சூடு பெரிய தூரமில்லை.

எதோடு சாப்பிடுவது?

ரொட்டி. வெளியே மொறுமொறுப்பான தோலுள்ள வெள்ளை ரொட்டி, துருக்கியில் எந்தத் தெரு முனையிலும் சூடாகக் கிடைப்பது. முள்கரண்டி இருந்தாலும் முதல் வாய்க்கு அதைத் தேட மாட்டார்கள். சட்டியை நடுவில் வைத்து, ரொட்டியைக் கிள்ளித் தோய்த்து எடுப்பார்கள். அப்படித் தோய்ப்பதற்கு ‘பன்மாக்’ என்று தனி வினைச்சொல்லே இருக்கிறது. நம்மிடம் அந்த ரொட்டி இல்லாவிட்டால் தடித்த சப்பாத்தியோ, பேக்கரி பன்னோ சரியாக வரும். இனிப்புள்ள பன் வேண்டாம்.

பக்கத்தில் தக்காளி, வெள்ளரிக்காய்த் துண்டு, கொஞ்சம் கறுப்பு ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி. பிறகு தேநீர்: பால் சேர்க்காதது, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில். வேடிக்கை என்னவென்றால், காலை உணவுக்குத் துருக்கிச் சொல் ‘கஹ்வால்தி’. ‘காபிக்கு அடியில்’ என்பதே அதன் நேர்ப்பொருள், காபி குடிப்பதற்கு முன் வயிற்றில் போடுவது. பெயரில் காபி இருந்தாலும், குடிப்பது கருங்கடலோரத்து ரிஸேயில் விளைந்த தேயிலைதான்.

சமைத்தவரிடம் ‘எலினெ சாலிக்’ என்று சொல்வது அந்த ஊர் மரியாதை. உன் கைக்கு நலம் உண்டாகட்டும் என்று பொருள்.

இது காலைச் சாப்பாடு மட்டும்தானா?

இல்லை. மாணவர் விடுதியில் எந்த நேரமும் இதற்குரிய நேரம்தான். பையில் காசில்லாத மாதக்கடைசிச் சாப்பாடு என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் உண்ணும் சஹூர் உணவிலும் வரும். நாள் முழுவதும் நோன்பிருக்கப் போகிறவருக்குக் கிழங்கும் முட்டையும் வயிற்றில் நின்று பேசும். அப்போது மட்டும் மிளகாயையும் உப்பையும் குறைத்துவிடுவது நல்லது, பகலில் தாகம் எடுக்கும்.

ஸ்பெயின் நாட்டு உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் இதுவும் ஒன்றா?

பொருள் ஒன்று, பதார்த்தம் வேறு. ஸ்பெயினில் கிழங்கை நிறைய ஆலிவ் எண்ணெயில் மெத்தென்று வேகவைத்து, அடித்த முட்டையில் ஊறவிட்டு, கேக் மாதிரி திருப்பிப் போடுவார்கள். துருக்கிக்கு இன்னும் நெருங்கிய உறவு, ஈரானின் தப்ரீஸ் நகரத்தில் இருக்கிறது. அங்கே அஸர்பைஜானிய மொழி பேசும் மக்கள், அவித்த கிழங்கையும் அவித்த முட்டையையும் வெண்ணெயோடு மசித்து, மெல்லிய லவாஷ் ரொட்டியில் சுருட்டித் தெருவில் விற்கிறார்கள். பெயர் ‘யெரால்மா யுமுர்த்தா’. ‘யெரால்மா’ என்றால் மண்ணின் ஆப்பிள்.

தக்காளி, சீஸ், இறைச்சி?

தக்காளி வேண்டாம், கிழங்கின் பொறுக்கை ஊறவைத்துவிடும். தக்காளி ஆசை இருந்தால் மெனெமென் செய்யுங்கள். சீஸ் போடலாம், அங்கே கஷார் என்ற மஞ்சள் பாலாடைக்கட்டியைத் துருவி, மூடி போடும் சமயத்தில் தூவுவார்கள். சுஜுக் கிடைத்தால் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, முட்டைக்கு இரண்டு நிமிடம் முன் சேருங்கள். அதிலேயே கொழுப்பும் உப்பும் மிளகாயும் இருப்பதால் மற்றதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சினால் என்ன செய்வது?

முட்டை சேர்த்தது மிஞ்சவிடக் கூடாது. திரும்பச் சூடாக்கினால் வெள்ளைக் கரு ரப்பராகும், கிழங்கு சவசவத்துப் போகும். வீட்டில் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுவார்கள் என்றால் கிழங்கை மட்டும் மொத்தமாக வறுத்து எடுத்து வையுங்கள். வருகிறவருக்கு ஒரு பிடி கிழங்கைச் சட்டியில் போட்டு, இரண்டு நிமிடம் மறுபடி மொறுமொறுப்பாக்கி, அவர் பசிக்கு ஏற்ப ஒன்றோ இரண்டோ முட்டை உடைத்துக் கொடுங்கள். அப்படியும் கொஞ்சம் மிஞ்சிவிட்டால், தப்ரீஸ்காரர்களைப் போல மசித்து, வெண்ணெய் தடவிய சப்பாத்திக்குள் சுருட்டிவிடுங்கள்.